இடப்பக்கம் சைவம், வலப்பக்கம் மச்சம்

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மாமிக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற மாதம் ஆட்டைத் திவசம். ஐயருக்குச் சொல்லியாயிற்று. வாழைக்குலைக்கும் சொல்லியாயிற்று. கொடிகாமத்தில் இருந்து உங்கள் தங்கச்சி, எங்கள் சின்ன மாமி, முதல்நாளே வந்து நிற்பதாக ஆள் அனுப்பியிருக்கிறார். எல்லாம் சரி. எந்த அடுப்பில் சமைப்பது என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். இருந்த காலத்தில் குசினிக்குள் ஒரு முடிவாவது என்னை எடுக்க விட்டீர்களா? உப்புப் போடுவதற்குக் கூட உங்கள் முகத்தைப் பார்த்துப் பழகியவள் நான். இப்போது திடீரென்று முழுக் குசினியையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். யாரைக் கேட்பது?

உங்கள் இளைய மகன் சின்னவர் ஜேர்மனியில் இருந்து அனுப்பிய கரண்ட் அடுப்பு உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்காமல் என்ன! இரண்டு தட்டு வைத்த வெள்ளை அடுப்பு. உடுவில் ஊர் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது. நீங்கள் மட்டும் அதைத் தொடாமல் முன்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நம் வீட்டில் சைவச் சட்டி வேறு, மீன் காய்ச்சும் மச்சச் சட்டி வேறு. அடுப்பும் வேறு வேறு. இது என்னவென்றால் ஒரே உடம்பில் இரண்டு அடுப்பு.

"இடப்பக்கத்திலை சைவம் வையுங்கோ மாமி, வலப்பக்கத்திலை மச்சம் வைப்பம்" என்றேன்.

"அது சரி பிள்ளை. உது ஒரே வயர்தானே? அப்ப சைவக் கரண்டும் மச்சக் கரண்டும் எங்கை பிரியுது?"

உங்கள் மூத்த மகன், இவர், விளங்கப்படுத்த வந்தார். சுவிச்சைக் காட்டினார், தட்டைக் காட்டினார், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். குளித்துவிட்டு வந்து இடப்பக்கத் தட்டின் ஓரத்தில் மூன்று குறி விபூதி பூசினீர்கள். அதன்பிறகு அந்த அடுப்போடு உங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை.

பிறகு யுத்தத்தோடு ஊருக்கே கரண்ட் போயிற்று. போனது போனதுதான். அந்த அடுப்பை உங்கள் பழைய சேலைத் துண்டால் மூடி வைத்திருக்கிறேன். நேற்றுத் துணியை விலக்கிப் பார்த்தேன். மீனே படாத தட்டு, புகை வராத அடுப்பு, உங்கள் கையால் விபூதி பூசியது. உங்கள் திவசத்துக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள். கரண்டைத் தவிர!

இனி நிலைமையைக் கேளுங்கள். இவருக்குத் தொய்வு, அந்த மூச்சிழுப்பு, கூடிவிட்டது. புகை மணந்தாலே நெஞ்சு விசில் அடிக்கிறது. மூச்சுக்கு இழுக்கும் பம்பு கிடைத்தால் மருந்து இல்லை, மருந்து வந்தால் எங்களுக்குக் கிடைப்பதில்லை. நாளாந்தம் நான் விறகில் சமைக்கும்போது இவர் தோட்டத்தில் நின்றுவிடுவார். அடுப்பு அணைந்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார். திவசத்தன்று எங்கே நிற்பார்? கொள்ளி வைத்த மகன் குசினிக்குப் பக்கத்து அறையிலேயே ஐயருக்கு முன்னால் இருந்து எல்லாம் செய்து முடிக்க வேண்டும். சின்னவர் இருப்பது ஜேர்மனியில். உங்களுக்கு வேறு மகன் இல்லை. அன்றைக்கு இவருக்கு மூச்சு முட்டினால் யார் மாமி உங்களுக்குப் பிண்டம் போடுவது?

கொடிகாமம் போய்ச் சின்ன மாமியிடம் இதைச் சொன்னேன். "அக்காவுக்கு விறகடுப்பிலைதான் படைக்கோணும். உலகமே அழிஞ்சாலும் அவ வேறை ஒண்டிலையும் சாப்பிடமாட்டா" என்றார். கார்த்திகை மழையில் வெளியே அடுப்பு மூட்ட வழியில்லை, விறகெல்லாம் ஈரம், உள்ளே மூட்டினால் வீடு முழுக்கப் புகை என்றேன். பக்கத்து வீட்டில் சமைத்து எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "வேறை வீட்டிலை சமைச்சால் அது சாப்பாடு. படையல் இல்லை" என்று முடித்துவிட்டார். அதுவும் நியாயம் போலத்தான் இருந்தது. எனக்கு இப்போது எல்லாரும் சொல்வது நியாயம் போலவே இருக்கிறது, அதுதான் என் கரைச்சல்.

பக்கத்து வளவுப் பரமேஸ்வரி அக்கா மரத்தூள் அடுப்பு செய்யச் சொன்னார். தகர டின்னுக்கு அடியில் ஓட்டை போட்டு, நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலை மெல்ல உருவ வேண்டும். தகரம் புதிது, மச்சம் படாதது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒத்திகை பார்ப்போம் என்று செய்தேன். முதல்தரம் போத்தல் வர மறுத்தது. அடுத்ததரம் போத்தலோடு எல்லாமே வந்தது. ஒருவாறு நிமிர்த்திப் பற்றவைத்தால், மரத்தூள் ஈரம். அந்தப் புகை விறகுக்கு அண்ணன். தோட்டத்தில் நின்ற இவர் "என்ன எரியுது?" என்று ஓடிவந்து, வாசலிலேயே குந்திவிட்டார். பின்னேரம் வரை முதுகை நீவிவிட்டபடி இருந்தேன். அழுகையும் வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது. ஏன் உங்கள் மேல் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இனி மிச்சம் இருப்பது திரி அடுப்பு ஒன்றுதான். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் கிடைத்த காலத்தில் அதில்தான் எங்கள் மீனும் நண்டும் வெந்தன. புகை இல்லை, ஆனால் அச்சொட்டான மச்ச அடுப்பு. புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் இன்னும் நண்டு மணக்கிறது. நெருப்புக்கு மச்சம் ஒட்டுமா மாமி? மணம் அடுப்பிலா இருக்கிறது, என் மூக்கிலா?

ஐயரைக் கேட்டேன். "அக்கினிக்குத் தீட்டில்லை, பிள்ளை. அது நிச்சயம். ஆனால் தகரத்தைப் பற்றி நான் படிக்கேல்லை" என்றார். பாவம், அவரையும் குழப்பிவிட்டேன்.

அப்படிக் குழம்பிக்கொண்டு அந்தத் திரியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தபோதுதான் மச்சம் சமைக்காத ஒரு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. நீங்கள் படுக்கையில் விழுவதற்கு முந்திய மார்கழி. அன்றும் மழை, அன்றும் ஈர விறகு. நீங்கள் சைவ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தீர்கள். இவர் கட்டிலில் மூச்சுக்குத் தவித்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன். வந்து ஒருமுறை பார்த்தீர்கள். திரும்பிப் போய், எரிந்த விறகில் தண்ணீரை ஊற்றினீர்கள். மூலையில் கிடந்த இந்தத் திரி அடுப்பைத் தூக்கிவந்து, சைவப் பக்கத்தில் வைத்து, போத்தலில் கிடந்த மண்ணெண்ணெயை விட்டுப் பற்றவைத்தீர்கள். முதல்நாள்தான் அதில் சூடை மீன் வெந்திருந்தது. அதில் கொத்தமல்லித் தண்ணீர் கொதிக்கவைத்து மகனுக்குப் பருக்கினீர்கள். பிறகு அதே அடுப்பில், உங்கள் சைவப் பானையில், சோற்றையும் போட்டீர்கள்.

எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தீர்கள். நீங்களும் சாப்பிட்டீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறாய்? சாப்பிடு" என்றீர்கள். கோப்பை கழுவும்போது மெல்ல, "உதை ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதை பிள்ளை" என்றீர்கள்.

ஒருவரிடமும் நான் கதைக்கவில்லை. ஆனால் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அந்த ஒருநாள் மட்டும் செய்ததா? இல்லை, விபூதிக் குறியும் சட்டிப் பிரிவும் மகனின் மூச்சுக்குப் பிறகுதான் என்று உங்களுக்கு எப்போதுமே தெரிந்திருந்ததா? கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை, நீங்களும் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

நேற்று இவரிடம் அந்த நாளைச் சொன்னேன். அன்று கண்ணை மூடித் தவித்தவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுவிட்டுத் தோட்டப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "தண்ணி இறைக்கிற மிசினுக்கு வைச்சிருக்கிற மண்ணெண்ணெயை எடும். தோட்டத்து வெங்காயம் ஒருக்காத் தண்ணி விடாட்டிலும் பொறுக்கும்" என்றார்.

ஆகவே மாமி, திரி அடுப்புத்தான். சோறு, பருப்பு, உங்களுக்கு விருப்பமான முருங்கைக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பாயாசம், எல்லாம் அந்த ஒரு திரியிலேயே ஒவ்வொன்றாக இறங்கும். குழப்பம் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. திவசம் முடிந்த பிறகும் தீராது என்றே நினைக்கிறேன். சின்ன மாமி வாயைத் திறப்பார். அப்போது அந்த வெள்ளிக்கிழமையை அவருக்கும் சொல்லப்போகிறேன். கதையாதே என்ற உங்கள் சொல்லை மீறுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். என்றைக்காவது கரண்ட் வந்தால், சேலைத் துண்டை விலக்கி, விபூதி பூசிய இடப்பக்கத்தில்தான் முதல் பால் காய்ச்சுவேன். அது வரைக்கும் இந்த அடுப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். திவசத்தன்று புகையில்லாத வீட்டில், இருமல் இல்லாமல், உங்கள் மகன் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மீன் வெந்த அடுப்பென்று அவர் கூப்பிட்டும் வராமல் இருந்துவிடுவீர்களா?

அவருடைய மூச்சைக் கேட்டபடியே சமைக்கும்,
உங்கள் மூத்த மருமகள்.