நான்கு மடிப்பில் மைனஸ் முப்பது

நாள் 41. இரவு 2:35, இந்திய நேரம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் மகள் அல்லி இப்போதுதான் தூங்கினாள். ஏழு மாதம். நிலவில் இருக்கிறோம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. பல் முளைப்பது மட்டும் தெரியும்.

நான் பூங்கோதை, நிழல் பள்ளத் தளத்தின் இயற்பியலாளர். கணவர் எழிலும் மற்ற மூவரும் பனி தோண்டும் முகாமுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வர ஒன்பது நாள் ஆகும். இங்கே நானும் அல்லியும்தான். வெளி அறை ஒன்று, அதன் பின்னால் பாறையில் குடைந்த உள் குகை ஒன்று.

மேகப் பெட்டி வேலை தொடங்கியது. ஸ்பிரிட் ஆவி நிறைந்த பெட்டியின் அடித்தட்டு மைனஸ் முப்பதில் நின்றால், உள்ளே பாயும் ஒவ்வொரு கதிர்த்துகளும் வெள்ளைக் கோடாகத் தெரியும். குளிரூட்டும் கருவி கிடையாது. செம்புக் கம்பியைச் சுவர் வழியே வெளியே நிழலில் நிற்கும் இரும்புத் தூணில் கட்டினேன்.

நாள் 42. மாலை 6:10

தட்டு மைனஸ் 94. ஸ்பிரிட் கூழாகிவிட்டது. குளிர் போதாது என்று பயந்தேன். இப்போது குளிரைக் குறைக்க வேண்டும். கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே அல்லியின் நாப்பித் துணியை மடித்து வைத்தேன். இரண்டு மடிப்பு, மைனஸ் 61. மூன்று, 43. நான்கு, 30. அசையாமல் நின்றது.

ரேடியோவில் எழில்: "துவைச்ச துணிதானே?"

நான்: "சந்தேகமா இருந்தா வந்து மோந்து பாரு."

நாள் 43. காலை 11:20

வெளி அறைக் காற்றில் நிமிடத்துக்கு மூன்று குட்டைத் தடித்த கோடுகள். தாய்ப்பால் எடுக்கும் பம்பால் உள் குகைக் காற்றை இழுத்துப் பெட்டிக்குள் விட்டேன். பத்து விநாடியில் அறுபத்தொரு கோடுகள். மூன்று தரம் எண்ணினேன்.

ரேடான், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கதிர்வீச்சு வாயு. பாறையிலிருந்து கசிகிறது. கரி வடிகட்டியின் விசிறி ஓடினால் சேராது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, ஆறு நாளாகப் பூமியிலுள்ள தரை மையம் விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறது.

தரை மையத்திலிருந்து சற்குணம் சார்: "சுவர் மீட்டர் பச்சையிலதாம்மா இருக்கு. கைக்குழந்தையோட தனியா இருக்கீங்க, பயம் வரும். புகைப் பெட்டியைப் பார்த்துட்டு நான் முடிவெடுக்க முடியாது."

நான்: "மீட்டருக்கு உலோக மூடி போட்டிருக்கீங்க சார். இந்தத் துகள் ஒரு காகிதத்தையே தாண்டாது. மீட்டர் பார்க்காது, என் பொண்ணு சுவாசிப்பா. ஆமா, பயம்தான். பயந்துக்கிட்டேதான் எண்ணினேன். எண்ணிக்கை சரி."

நாள் 44. மாலை 4:05

சூரியப் புயல் எச்சரிக்கை. இரண்டு மணி நேரத்தில் வரும், மூன்று நாள் நீடிக்கும். வெளி அறையில் இருந்தால் பிழைக்க மாட்டோம். உள் குகைக்குப் போய்க் கதவை மூடச் சொல்கிறார்கள். விசிறி இல்லாமல். மூன்று நாள்.

சற்குணம்: "விசிறிக்கு மேலிடத்துல கேட்டிருக்கேன். ஒப்புதல் வரட்டும்மா."

நான்: "அது வர்றதுக்குள்ள அவ எத்தனை மூச்சு விடுவான்னு அவங்களையே கணக்குப் போடச் சொல்லுங்க."

மாலை 5:48

விசிறிக்குத் தொண்ணூறு வாட் வேண்டும். என் கைக்கு எட்டும் தொண்ணூறு வாட் ஒன்றுதான்: நான் இதை அனுப்பும் ஒலிபரப்பி. அதன் வயரைப் பிடுங்கி விசிறிக்குக் கொடுத்து அரை மணி ஓட்டிப் பார்த்தேன். குகைக் காற்றில் பத்து விநாடிக்கு அறுபத்தொன்றாக இருந்த கோடுகள் நான்காகக் குறைந்தன. இதை அனுப்புவதற்காக மட்டும் திரும்ப மாட்டியிருக்கிறேன். அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

மேகப் பெட்டி தூணோடு கட்டியது, உள்ளே வராது. கதவை மூடியபின் புயல் ஓய்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ரேடியோவின் கேட்கும் கருவிக்குத் தனி பேட்டரி இருக்கிறது. பேச முடியாது, கேட்பேன்.

5:56

மேகப் பெட்டியில் நீளமான மெல்லிய கோடுகள், புயலின் துகள்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே. தட்டு முழுக்க. அல்லி எழுந்துவிட்டாள், தூக்க வேண்டும், வயரை விசிறிக்கு மாற்ற வேண்டும்.

எழில், சற்குணம் சார், யார் படித்தாலும் சரி. கதவை எப்போது திறக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.