ரயிலுக்கு நிற்காத பேச்சு

என் எஸ்தர் அக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் இல்லாமல் போனவளே,

உன் தையல் மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தெருவில் யாராவது போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நானாகக் கேட்கவில்லை. மேசை இல்லாமல் அரிசி டிரம்மின் மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மெஷினை உள்ளே மடக்கிவிட்டால் மேலே நல்ல பலகை. "அவ இருந்தா அவளே தூக்கினு வந்திருப்பா," என்றார் டேனியல் அண்ணன். பலகையைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார்.

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அம்பத்தூரில் எங்கள் ஆபீஸ் இருந்த மாடியைக் கம்பெனி காலி செய்துவிட்டது, வாடகை மிச்சமாம். அவரவர் வீட்டிலிருந்தே போன் எடுங்கள் என்று கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலை என்னவோ அதேதான். வாட்டர் ஃபில்டரில் தண்ணீர் வரவில்லை என்று எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் கத்துவார், நான் பொறுமையாகப் பதில் சொல்வேன். ஆனால் மாதாமாதம் சிலரை நிறுத்துகிறார்கள். யாரை, எதற்கு என்று சொல்வதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நேற்றுவரை குட்மார்னிங் போட்டவள் இன்றைக்கு இருக்க மாட்டாள்.

இவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. ஆர்டர் இல்லையாம். ஆக, இப்போது என் வாயை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறோம்.

தெருவில் உள்ளவர்களுக்கு இது புரிவதில்லை. "உனக்கு இன்னா, ஊட்லயே குந்திகினு சம்பளம் வாங்குற" என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பார்சலை வாங்கி வைக்க, பால் பாக்கெட்டை எடுத்து வைக்க, கேஸ்காரர் வந்தால் கதவைத் திறந்துவிட, எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். நீ இருந்திருந்தால் ஒரு அதட்டலில் எல்லாரையும் அடக்கியிருப்பாய்.

சிக்கனம் என்றால் என்ன என்று இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். ஆபீஸ் மெஷின் டீயை எவ்வளவு திட்டியிருப்பேன்! இப்போது வேலைக்கு நடுவில் வரக்காப்பிதான், பால் காலையில் மட்டும். ஒரு அறையில்தான் ஃபேன் ஓடும், மற்றவர்கள் அங்கே வந்து உட்கார வேண்டும். உன் முருங்கை மரம் எங்கள் பக்கம் சாய்ந்திருப்பதால் கீரைக்குக் குறைவில்லை. பெரியவன் தட்டைப் பார்த்துவிட்டு, "நாம இன்னா ஆடாம்மா?" என்று கேட்டான். ஆடு கேள்வி கேட்காமல் சாப்பிடும் என்றேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டான், நல்ல பிள்ளை.

இதெல்லாம் சமாளித்துவிட்டேன் அக்கா. சமாளிக்க முடியாமல் போனது வேறொன்று.

வீட்டிலிருந்து வேலை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே டீம் லீடர் கூப்பிட்டார். சின்னப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசுவார். "மேடம், நீங்க போன் கால் நடுவுல பேசாம நின்னுடறீங்க. லைன் போயிடுச்சுன்னு கஸ்டமர் வெச்சிடறாங்க. இந்த மாசமும் இப்படி இருந்தா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது," என்றார். நான் பேசாமல் நிற்கிறேனா? வாய் மூடத் தெரியாதவள் என்று இந்த நெமிலிச்சேரி முழுக்கப் பெயர் வாங்கியவள் நான். இன்டர்நெட்தான் மோசம் என்று சத்தியம் செய்தேன்.

இவர் கூரைமேல் ஏறி வயரை இழுத்துக் கட்டினார். மோடத்தை ஜன்னலுக்கு மாற்றினோம், பிறகு சாமி அலமாரிக்கு மாற்றினோம். இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு லைனில் ஒரு குறையும் இல்லை, வேண்டுமானால் பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்றார். பிள்ளைகளின் டியூஷனை நிறுத்திவிட்டு அதற்கு மாறலாமா என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்குப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று என்னையும் இவரையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, ரயில் போனா எல்லாரும் இப்படி ஊமையாயிடுறீங்க? சொல்லிக்கிட்டிருந்ததை அப்படியே வுட்டுட்டு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா, உனக்கு நினைவிருக்கும். தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு கட்டிக்கொண்ட நாம் எல்லாரும் அப்படித்தான். ரயில் வந்தால் பேச்சை நிறுத்துவோம், கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். சண்டையைக்கூட அப்படித்தான் போட்டோம். அது நமக்கே தெரியாது, கண் இமைப்பது தெரிகிறதா என்ன? அம்பத்தூர் ஆபீஸில் ரயில் சத்தம் கேட்காது, அதனால் நான் பிழைத்தேன். இங்கே உட்கார்ந்து பேசும்போது ரயில் வந்தால் வாய் தானாக நின்றிருக்கிறது. அந்த ஹெட்போன் வேறு வெளிச் சத்தத்தை எல்லாம் வடிகட்டிவிடுமாம். கஸ்டமருக்கு ரயில் கேட்காது, நான் நின்றுபோனது மட்டும் கேட்கும்.

தெரிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன், தண்டவாளம் அதிர ஆரம்பித்ததும் வாய் மூடிக்கொள்ளும். வேலை போய்விடும் என்று அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு ரயில் என் பிள்ளைகளின் சோற்றில் மண் போடுவதா?

அப்போதுதான் மெஷினை மிதிக்கும் உன் கால் ஞாபகம் வந்தது. சுவரோரம் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டே என்னோடு பேசுவாயே, ரயில் வந்தால் உன் வாய் நிற்கும், கால் நிற்காது. மிதி ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். போனில் பேசும்போதெல்லாம் மெதுவாக மிதித்தேன். கால் ஓடுகிறவரை பேச வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பக்கத்தில் இவரை உட்காரவைத்து, அவர்தான் கஸ்டமர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரயிலுக்கும் பழகினேன். வேலை இல்லாத நாளெல்லாம் பாவம் அந்த மனிதர், ஃபில்டரில் தண்ணீர் வரவில்லை என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் திக்கினேன். பிறகு உளறினேன். உளறினாலும் நிற்கவில்லை.

போன வாரம் கரூரிலிருந்து ஒரு பெரியவர். காது கொஞ்சம் மந்தம். எந்தக் குழாயை மூடி எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்ஸ் வண்டி வந்தது. நம் கூட்ஸ் வண்டி பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வந்தால் லேசில் போகாது. ஜன்னல் கம்பி ஆடியது, தம்ளர் ஆடியது. நான் மிதித்துக்கொண்டே சொன்னேன், அவர் கேட்டதையே மறுபடி கேட்டார், நானும் மறுபடி சொன்னேன். தண்ணீர் வந்துவிட்டது என்று அவர் சொன்னபோதும் வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன், கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் என் பெயர் தப்பித்தது அக்கா. அடுத்த மாதம் என்ன ஆகும், எனக்குத் தெரியாது. டீம் லீடருக்கே தெரியாது. ஆனால் போனால் வேறு காரணத்துக்காகப் போகட்டும், ரயிலுக்காகப் போகக் கூடாது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயந்தரம் துணி எடுக்கச் சுவரோரம் வந்தபோது மட்டும் மனசு கனத்துவிட்டது. நீ கடைசியாக இங்கேதானே நின்றாய். "செல்வி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்டி" என்று ஆரம்பித்தாய். கூட்ஸ் வண்டி வந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அது போய் முடிவதற்குள் உன் அடுப்பில் என்னவோ பொங்கியது, அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாய். மறுநாள் காலையில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெஞ்சு நின்று நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

என்ன சொல்ல வந்தாய் அக்கா? புதுப் பால்காரரைப் பற்றியா? டேனியல் அண்ணனைப் பற்றியா? வலி இருந்ததா உனக்கு? அண்ணனிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ரயிலுக்கு நிற்காமல் பேசப் பழகிவிட்டால், நீ நிறுத்திய இடம் எனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஹெட்போன் காதில் இருக்கும்வரை ஊரே அதிர்ந்தாலும் நிற்க மாட்டேன். உன் மெஷின்மேல் சத்தியம். அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாயந்தரம் இந்தச் சுவரோரம் வந்து நிற்பேன். வண்டி வந்தால் பழையபடி வாயை மூடிக்கொள்வேன். கடைசிப் பெட்டி போன பிறகும் கொஞ்ச நேரம் பேச மாட்டேன். அடுத்துப் பேச வேண்டியது நீ.

உன் சுவருக்கு இந்தப் பக்கத்துத் தங்கச்சி,
செல்வி