மதகுக்கு மதகு

09.02.2003
வைத்தியசாலைத் தராசு என்னை ஏற்க மறுத்தது. முள் கடைசிவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. லண்டனிலிருந்து ஆறு மாதத்துக்குக் கிளிநொச்சிக்கு வந்திருக்கும் டொக்டர் சிவகௌரி, "உங்கட மில்லிலை நெல்லு நிறுக்கிற தராசு இருக்குத்தானே, அதிலை ஏறிப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். பின்னேரம் ஏறினேன். மூட்டை தூக்கும் மூக்கன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "ஒண்டரை மூட்டை, முதலாளி" என்றான். "காயாத நெல்லாக்கும்" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினேன். எல்லோரும் வேலையாக இருந்தார்கள்.

நாளை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும்.

10.02.2003
கொடுக்கவில்லை. வழியில் யோகநாதனின் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டேன். ஒரு வடையும். வடை சாப்பாடா? டொக்டர் சாப்பாடுதான் என்கிறார்.

11.02.2003
கொடுத்தேன். டொக்டர் குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைக் காத்திருக்கச் சொன்னார். சிவப்பு அடியில் படிந்தது. மேலே நிற்பது தெளிவாக இருக்க வேண்டுமாம். என்னுடையது தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளை.

"இது கொழுப்பு. நாள் முழுக்கக் கதிரையிலை இருந்தா இது எங்கை எரியிறது? ரத்தத்திலையே நிக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி நேசமலர் குசினிக்குள் இருந்தபடியே, "அப்ப இண்டைக்குச் சொதிக்குத் தேங்காய் துருவத் தேவையில்லை" என்றாள்.

சிரித்தேன். பிறகு அண்ணரின் நினைவு வந்துவிட்டது. சீனி வருத்தத்தில் வலது கால் போனவர். சந்தையில் யாராவது "எந்தச் சண்டையிலை?" என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு "ஆனையிறவு" என்பார். போன வருடம் அவரே போய்விட்டார். என் உடம்பும் அவருடைய உடம்பு மாதிரித்தான்.

18.02.2003
வவுனியாவிலிருந்து முடிவு வந்தது. கொழுப்பு மிகக் கூடுதல். சீனி எல்லையில். ஆக, என் சீனி ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை.

டொக்டர் இருதயத்தையும் பார்த்தார், ஓடலாமாம். "ஒரேயடியா ஓடவேண்டாம். மூச்சு வாங்குறளவுக்குக் கொஞ்சம் வேகமா, பிறகு ஆறுதலா நடை. திரும்பவும் வேகம். அப்பிடி மாறி மாறிச் செய்தா ரத்தம் தெளியிறதுக்கு வழியிருக்கு."

வாய்க்கால் வீதியைத் தெரிவு செய்திருக்கிறேன். ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை ஓட்டம். அதற்கடுத்ததுவரை நடை.

20.02.2003
ஓடினேன். ஊரும் ஓடியது.

முதல் மதகிலிருந்து வெளிக்கிட்டேன். வயலில் நின்ற வீரம்மா அக்கா என்னைக் கண்டார். இந்த உடம்போடு ஒரு மனுசன் ஓடுகிறான் என்றால் சும்மா ஓடுவானா? சண்டை நின்று ஒரு வருடம்தான் ஆகிறது. மண்வெட்டியை எறிந்துவிட்டுப் பழைய பங்கருக்குள் குதித்தார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் குதித்தார்கள். மீன் கொண்டு வந்த மனுசன் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் படுத்தான். ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. பொறுங்கள் என்று கையை உயர்த்தினேன். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"தம்பி, குண்டு எங்கை விழுந்தது?" பங்கருக்குள்ளிருந்து வீரம்மா அக்கா.

"எங்கையும் விழேல்லை அக்கா. நான்… உடம்புக்கு ஓடுறன்."

வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுறதெண்டா சொல்லிப்போட்டு ஓடுங்கோ."

21.02.2003
ஓடவில்லை. வெட்கம்.

25.02.2003
நேசமலர் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் சைக்கிளில் முன்னே போகிறாள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, இவர் உடம்புக்கு ஓடுறார்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்கிறாள். அவளும் மெலிந்தவள் அல்ல, சைக்கிள் முனகுகிறது. கோயில் திருவிழாவுக்கு அறிவித்தல் கொடுப்பது மாதிரி இருக்கிறது. பின்னால் நான் தேர்.

14.03.2003
மதகில் குந்திவிட்டேன். இனி ஏலாது என்றேன். அவள் சைக்கிளை நிறுத்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எழும்புங்கோ. அண்ணருக்கு அழுதது காணும், உங்களுக்கும் அழ ஏலாது" என்றாள்.

எழும்பினேன்.

02.04.2003
நேசமலர் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறாள். இரவில் எழும்பி எழும்பிப் போகிறாள். "நீரும் ஒருக்கால் ரத்தம் குடுத்துப் பாருமன்" என்றேன்.

"எனக்கு ஒண்டுமில்லை."

"அதைத்தான் காலமை காலமை ஊருக்கும் சொல்லுறீர்."

சிரிக்கவில்லை. கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

12.05.2003
திரும்ப இரத்தம் எடுத்தார்கள். மேலே நின்றது தெளிவு. பின்னால் விரலை வைத்தால் தெரியும்போல. டொக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, தன் பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நெல்லுத் தராசில் மட்டும் மாற்றமில்லை. அதே ஒன்றரை மூட்டை. யோகநாதன் என் வயிற்றைப் பார்த்து, "இவ்வளவு ஓடியும் அப்பிடியே இருக்கிறியள்" என்று கவலைப்பட்டான். நிறை குறையாமலும் இரத்தம் மாறலாம் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. இரத்தத்தைக் கையில் வைத்துக் காட்டிக்கொண்டா திரிய முடியும்?

13.05.2003
கேட்காமலே நேசமலர் என்னோடு வைத்தியசாலைக்கு வெளிக்கிட்டாள். ஊசி வந்ததும் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பயமோ?"

"இல்லை. நீங்கள் ஏதும் கதையுங்கோ."

மில் பெல்ட் அறுந்த கதையைச் சொன்னேன். நல்ல கதை இல்லை. கேட்டாள்.

20.05.2003
நேசமலரின் முடிவு வந்தது. என்னுடைய சீனி எல்லையில் நின்றது. அவளுடையது எப்போதோ தாண்டிவிட்டது.

வீட்டு வாசல்வரை வந்தோம். படலையடியில் நின்று, "கால் போகுமோ?" என்றாள். நேரத்தோடு கண்டபடியால் குளிசை விழுங்கிச் சமாளிக்கலாம் என்று டொக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அண்ணருக்கு நாங்கள் பிந்திப் போனம். இவவுக்குப் பிந்தக்கூடாது. பிந்தேல்லைத்தானே?

09.06.2003
டொக்டர் இன்று அவளுக்கும் சம்மதம் கொடுத்தார். முதலில் நடை, ஏலுமெண்டால் கொஞ்ச வேகம்.

10.06.2003
சேலையை இடுப்பில் செருகி, என்னுடைய பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் மதகுவரை நடந்தோம். அதற்கடுத்ததுவரை பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். மதகு வந்ததும் நான் நடைக்கு மாறினேன். அவள் மாறவில்லை.

"நேசம், இது நடக்கிற இடம்" என்று கூப்பிட்டேன்.

அவள் போய்க்கொண்டிருந்தாள்.