முதல் வருடப் பராமரிப்பு

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. நீங்கள் கோபித்துக்கொண்டு தனியாகப் போனது போகட்டும், பின்கட்டு வெற்றுத் தரைக்கு ஒரு தோட்டம் வரைந்து தருவீர்களா? ஊருக்கெல்லாம் வரைந்தீர்கள், சொந்த வீட்டுக்கு மட்டும் கை வரவில்லை. அவளுக்கு ஓட இடம் வேண்டுமாம். தவளை, அணில், பட்டாம்பூச்சி எல்லாம் வர வேண்டுமாம். எனக்குத் துணி காயப்போட ஒரு கொடி போதும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இன்னமும்)

மார்ச் 19

என் அன்பு வாடிக்கையாளர் அம்மாவுக்கு,

படம் இத்துடன். நேரான கான்கிரீட் பாதைக்குப் பதில் வளைந்த மண்பாதை, மதிலுக்குப் பதில் உயிர்வேலி. குளம் கணுக்கால் ஆழம்தான். ஒரு பக்கம் சரிவு, எது விழுந்தாலும் ஏறி வந்துவிடும். மூலையில் சருகுக் குவியல். உன் துடைப்பத்தை அங்கே கொண்டுபோகாதே, கும்பிட்டுக் கேட்கிறேன். வேலையாட்களை அனுப்புகிறேன்.

கடைசி வரியைப் பார்: 'முதல் வருடப் பராமரிப்பு: ஞாயிறுதோறும், வடிவமைப்பாளரே நேரில்.' எல்லா வீட்டுக்கும் இப்படி எழுதுவதில்லை.

உன்
தோட்டக்காரன்

ஜூன் 8

அன்புள்ள உங்களுக்கு,

தோட்டம் முடிந்தது, தவளையும் வந்துவிட்டது. "அப்பா போட்ட குளத்துல தவளை வந்துடுச்சு, அவருக்கு எழுதும்மா" என்று குட்டி என் உயிரை வாங்குகிறாள்.

அந்தக் கடைசி வரியைப் படித்து அழுதேன், சந்தோஷத்தில்தான். அவளும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். ஆனால் போன முறை நீங்கள் வந்து போனபின் அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வந்து மாலையில் கிளம்பும் அப்பா அவளுக்கு வேண்டாம். எனக்கும்தான் வேண்டாம். பெட்டி படுக்கையோடு வாருங்கள். பழைய பேச்சு ஒன்றையும் எடுக்க மாட்டேன். முடியாதென்றால் வரவே வேண்டாம்.

உங்கள் மனைவி

ஜூன் 27

வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பராமரிப்புக்கு இந்த ஞாயிறு முதல் என் உதவியாளர் வருவார். பொறுமைசாலி, செடிகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார். வெயிலில் குளம் வற்றாமல் கவனிக்கவும்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்

ஜூலை 2

வணக்கம்.

உங்கள் உதவியாளர் வந்தார். மணி அடித்ததும் குட்டிதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் கத்தரியும் கையுமாக வாசலிலேயே நின்றார். பாவம், அவர் என்ன செய்வார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இனி யாரையும் அனுப்ப வேண்டாம். மணி அடித்தால் அவள் ஓடுகிறாள்.

குட்டியின் அம்மா