முகப்புப் படத்தில் ஒரு கை

உன் பேனாவில் சுற்றியிருந்த பிளாஸ்டர் இன்று காலை கழன்று என் கையோடு வந்துவிட்டது. மேசையைத் துடைக்கத்தான் எடுத்தேன். கணினியில் படம் வரைய நீ வைத்திருந்த அதே பேனா. பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் அந்த ஆஸ்பத்திரி வாசம் இன்னும் போகவில்லை. மருந்து ஏற்ற ஏற்ற உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. பேனா பிடியில் நிற்காமல் நழுவியது. நேர்ஸிடம் பிளாஸ்டர் கேட்டு வாங்கி, "தடிப்பாக்கினாச் சரிவரும்" என்று சொல்லிச் சொல்லி நீ சுற்றினாய். துடைப்பதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

வந்தாறுமூலைக் கெம்பஸில் ஒரே வகுப்பில் தோழிகளாக இருந்தோம். நீ ஏறாவூர், நான் செங்கலடி. படிப்பு முடிந்ததும் நீ உன் வீட்டு முன்னறையில் இருந்து கலியாணக் கார்டுகளும் கடைகளின் பெயர்ப்பலகைகளும் வடிவமைத்தாய். நான் ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதினேன். சொந்தமாக ஒரு கேம் செய்யும் ஆசை என்னுடையது. "வக்கடை" என்று பெயர் வைத்ததும் நான்தான். வயல் வரம்பில் தண்ணீர் பாய்வதற்காக வெட்டும் வாயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எந்த வக்கடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும், எதை அடைக்காவிட்டால் எது மூழ்கும் என்று யோசித்து விளையாடுகிற புதிர் அது. புதிர்களை நான் செய்தேன். மண்ணும் நீரும் பயிரும் நீ வரைந்தாய்.

கேமைவிட அதன் முகப்புப் படம்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. இணையக் கடையில் கேம்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். அதைப் பார்த்து யாராவது விரல் வைத்தால்தான் மற்றதெல்லாம். வைக்காவிட்டால் உள்ளே என்ன இருந்தும் பயனில்லை.

நீ முதலில் வரைந்தது வாவி முழுவதையும். விடியல், தோணி, வீச்சுவலை, கண்டல் மரங்கள், கொக்கு, அப்பால் பச்சை வயல் வட்டை, வரம்பில் நடக்கும் ஒரு பெண். பார்த்து வாயடைத்துப் போனேன். ஆனால் கடைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது அது நெருப்புப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. நீ உன் உம்மாவிடம் போனை நீட்டினாய்.

"உம்மா, இதுல என்ன தெரியுது?"

உம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "என்ன புள்ள இது, கழுவாத சட்டியா?"

நீ சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்தாய். எனக்கோ அழுகை வராத குறை. இவ்வளவு நாள் வேலை, ஒரு சட்டியாகப் போய்விட்டதே என்று. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "படம் பிழை இல்ல. இது சுவரில மாட்டுற படம். நமக்கு வேணும் ஓடுற பஸ்ஸில இருந்து வாசிக்கிற போர்ட்."

அடுத்த படத்தைத் தொடங்குமுன் உனக்கு வருத்தம் வந்துவிட்டது. இரத்தத்தில் புற்று என்றார்கள். கொஞ்சநாள் அந்தச் சொல்லை உன் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. நீதான் முதலில் சொன்னாய், தேநீர் ஊற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பதுபோல. முகப்பை வேறு யாரையாவது கொண்டு வரைவிக்கலாம், நீ ஓய்வெடு என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது. "நான் இருக்கக்குள்ளயே வேற ஆள் தேடுறியா?" அதற்குப்பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை.

கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு நாளில் வெல்லாவெளிப் பக்கம் எங்கள் மாமாவின் வட்டைக்குப் போனோம். நீ வரம்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாய். வக்கடை அடைப்பது எப்படி என்று உனக்குக் காட்டப்போய், நான் வைத்த சேற்றைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. வேறு வழியில்லாமல் இடது உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரல்களுக்கு நடுவால் தண்ணீர் பீறியது.

"அசையாத! கைய எடுக்காத!" என்று கத்தினாய். குடை சரிந்து சேற்றில் விழுந்தது. போனை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாய்.

"தண்ணி தள்ளுது கா!"

"தள்ளட்டும். அதுதான் படம்."

திரும்பி வரும் பஸ்ஸில் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். "அந்தக் கை எடுக்குமா எடுக்காதா எண்டு பாக்கிற ஆள் ஒருக்கா நிக்கணும்" என்றாய் கண்ணைத் திறக்காமல். "ஒரு படத்தில ஒரு கேள்விதான். ரெண்டு கேட்டா ஆள் போயிருவார்."

பிறகு வந்த வாரங்களில் நாம் சண்டை பிடித்ததெல்லாம் படத்தில் எதைப் போடுவது என்பதற்காக அல்ல, எதை எடுப்பது என்பதற்காக. தோணியையாவது விடு என்று கெஞ்சினேன். எடுத்துவிட்டாய். மூலையில் ஒரு கொக்கு நின்றால் என்ன என்றேன். "கொக்கு வந்தா எல்லாரும் கொக்கைத்தான் பாப்பாங்க." மற்றப் புதிர் கேம்களின் படங்களையெல்லாம் ஒன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தாய், பாதிக்குமேல் நீலமும் ஊதாவும். "பக்கத்துக் கடை நீலமெண்டா நாம நீலம் பூசப்படாது" என்று பின்னால் விளைந்த நெல்லின் மஞ்சளை வைத்தாய். அதன் முன்னால் கறுத்த சேறு, வெள்ளையாகப் பீறும் தண்ணீர், நடுவில் கை. மேலே "வக்கடை" என்று தமிழில் பெரிதாக, அதன் கீழே ஆங்கில எழுத்தில் சிறிதாக. வெளிநாட்டார் தமிழை எப்படி வாசிப்பார்கள் என்று கேட்டேன். "வாசிக்க ஏலாட்டி அது அவங்களுக்கு ஒரு உருவம். உருவமாப் பார்க்க வடிவா இருக்கா, அத மட்டும் சொல்லு." வடிவாகத்தான் இருந்தது.

கடைசி வேலைகளை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துத்தான் செய்தாய். ஒரு கோடு இழுப்பதும் பேனாவை வைத்துவிட்டு விரல்களை உதறுவதுமாக. விரல் நுனியில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் அழுத்துகிறேன் என்று ஒருநாள் சொன்னாய். படம் முடிந்ததும் அதைச் சுருக்கி, மற்றப் படங்களுக்கு நடுவில் வைத்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த செட்டிபாளையத்து அம்மாவிடம் காட்டினாய்.

"அம்மா, உங்கட கண் முதல்ல எங்க போகுது?"

அவர் யோசிக்கவேயில்லை. "இந்தக் கைக்குத்தான் மகள். பாவம், நல்லாக் களைச்சுப் போச்சு. விடவும் ஏலாம நிக்குது."

நீ லெப்டொப்பை மெல்ல மூடினாய். "இனி இதில கை வைக்காத. இது முடிஞ்சுது" என்றாய் என்னிடம். படத்தைத்தான் சொன்னாய் என்று எடுத்துக்கொண்டேன்.

கேம் கடைக்கு வருமுன்னே நீ போய்விட்டாய். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். உம்மா அழவில்லை. உன் முன்னறைக்குப் போய், கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் வெளியே இழுத்து, நீ எழும்பிப் போகும்போது விடுகிற மாதிரிச் சரித்து விட்டார். அதைப் பார்த்தபிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வக்கடை வெளிவந்த அன்று யாரிடமும் சொல்ல வேண்டும் போலிருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்கு வந்தேன். உம்மா, புருஷன் இறந்து இத்தாவில் இருக்கிற பெண்ணைப்போல ஒடுங்கிப்போய் இருந்தார். புதிதாக வந்த கேம்களின் பக்கத்தைத் திறந்து, "உம்மா, கேம் வந்திட்டு" என்று மட்டும் சொன்னேன். எது என்று காட்டுவதற்குள் போனை வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மூக்குக் கண்ணாடியும் போடவில்லை. விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனார். வாள்கள், கார்கள், கண் பெருத்த பொம்மைகள். எங்கேயும் நிற்கவில்லை. திடீரென்று விரல் நின்றது.

"இந்தா. என்ட புள்ளட."

படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர்ட கை?"

"என்ட கைதான் உம்மா."

போனை மடியில் வைத்துவிட்டு என் இடது கையை எடுத்தார். புரட்டிப் பார்த்தார், மறுபடியும் புரட்டினார். "எவ்வளவு நாள் இந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்திருக்காள்" என்றார். அப்போதுதான் அழுதார். உன்னை அடக்கம் செய்தபிறகு அவர் அழுததை நான் கண்டது அன்றுதான். என் கையை விடவில்லை. பின்னேரம் பள்ளியில் அஸர் வாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.

அன்று பஸ்ஸில் வரும்போது படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். சுட்டுவிரல் கணுவுக்குக் கீழே நெல்மணி அளவில் ஒரு வெளிறிய தழும்பு வரைந்திருக்கிறாய். சின்னப் படத்தில் அது ஒருவர் கண்ணுக்கும் படாது. கையைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. எப்போது பட்ட காயமோ, இத்தனை வருடம் என்னோடு இருந்தும் நான் அறியாத ஒன்று. நிரல் எழுதும்போதும், சோறு குழைக்கும்போதும், இப்போதும், கண் அங்கே போய்த்தான் வருகிறது.