நீங்கள் போகாத காசி ரோடு

இன்று காலையில் பரணில் கிடந்த பழைய தலையணைகளை இறக்கி வெயிலில் போட்டேன். அவற்றோடு நான்கு மூலையிலும் நாடா வைத்துத் தைத்த சின்ன மெத்தை ஒன்றும் வந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. ஓரத்துத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே இழுத்தபோது பெட்ரோல் வாசனை அடித்தது. பதினோரு வருஷமாகியும் போகாத வாசனை. நீங்கள் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் உங்கள் சட்டைகளில் உங்கள் வாசனை இல்லை. துவைத்துத் துவைத்து நானே போக்கிவிட்டேன். பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்திக்கு உலை வைக்க அவசரமும் இல்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. வாய்தான் ஓயாது. "நீ பேசறதக் கேட்டா ரேடியோக்காரனே கடையச் சாத்திருவான்" என்பீர்கள். கேட்க ஆள் இல்லாத வீட்டில் வாய் இருந்து என்ன செய்ய. சாமி அறையில் ஆத்தாளிடம் பேசிப் பார்த்தேன். மற்ற எல்லாம் சொல்ல முடிகிறது. அந்த ஒன்றை அவளிடமும் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அதில் அவளும் சம்பந்தப்பட்டிருக்கிறாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. உங்கள் முதலாளி பழைய லாரியை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து, நாமக்கல்லில் பாடி கட்ட விட்டிருந்தார். அது முடிய ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். அதற்கு முன்பெல்லாம் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனால், நீங்கள் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தூக்கம், அடுத்த நாள் மறுபடி லோடு. நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் பிள்ளைகள் அத்தை அத்தை என்று வருவார்கள், பலகாரம் தின்பார்கள், போவார்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நீங்கள் சேர்ந்தாற்போல ஐந்து மாதம் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

வந்த முதல் வாரமே, கம்பவுண்டர் ஒருவரிடம் வாங்கிப் போட்டிருந்த பழைய மோட்டார் சைக்கிளை மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினீர்கள்.

"ஏம்புள்ள, நம்ம பிரிவுல நின்னு பஸ் ஏறறமே, அந்த ரோடு எங்க ஆரம்பிக்குது தெரியுமா? கன்னியாகுமரில. முடியறது காசில. பதனஞ்சு வருசமா அதுலதா ஓடறேன், ரெண்டு முனையவும் பாத்ததில்ல. லோடு எறங்குன எடத்துல திருப்பிர்றேன்."

"காசிக்குன்னா நானும் வாரனுங்க. கங்கைல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தர்லாம்."

"அதுக்கு ரயிலு இருக்குது. இது இந்த வண்டில, ஒண்டியா, ஆறே நாள்ல. வழில ஊடு வாசல்னு எங்கயும் தங்கறதில்ல. களச்சா ரோட்டோரம் துண்ட விரிச்சுக் கண்ண மூடறது, எந்திரிச்சா போறது."

"அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"ரோடு முடிஞ்சுருச்சான்னு பாப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் வண்டியைக் களத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தீர்கள். வண்டி நகரவில்லை, நீங்களும் நகரவில்லை. இடுப்பும் முதுகும் பழக வேண்டுமாம். பொழுது சாயும் வரை இறங்க மாட்டேன் என்றீர்கள். சோற்றைக் கையில் கொண்டுவந்து கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, காசி வந்துருச்சுங்களா?" என்றார். "இன்னும் நாக்பூரே வல்லீங்க மாமா" என்று முகம் மாறாமல் சொன்னீர்கள். அவர் சாயங்காலம் மறுபடி வந்தார். "இப்பவாச்சும் நாக்பூரு தாண்டுச்சுங்களா, இல்ல, அங்கயே ஊடு கீடு பாத்துட்டீங்களா?" நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அப்புறம் நானும் அந்த வேலையில் மாட்டிக்கொண்டேன். கிளச் வயர் ஓடுகிற வழியிலேயே இன்னொரு வயரையும் சேர்த்துக் கட்டினீர்கள். ஒன்று அறுந்தால் நின்ற இடத்திலேயே மற்றதை மாட்டிக்கொள்ளலாம் என்றீர்கள். என் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, டயரைக் கழற்றி, டியூபை மாற்றிப் பழகினீர்கள். டயரை நெம்புகிற இரும்புப் பட்டைகளை நான் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் தொட்டதுமே தெரிந்துவிடும். "இது பெரிசு, சின்னதக் குடு. தூங்கறயா?" நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள். கர்நூல் வரைக்கும் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

சீட்டுக்கு மெத்தை தைக்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு இலவம்பஞ்சு வாங்கப் போனோம். "தலகாணிக்குங்களா, மெத்தைக்குங்களா?" என்றார் கடைக்காரர். "மோட்டார் சைக்கிளுக்குங்க" என்றேன். "ஏன், வண்டிக்குத் தூக்கம் வரமாட்டீங்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். கடைவீதியில், நாலு பேர் பார்க்க, நீங்கள் என்னோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கொண்டப்பநாயக்கன்பட்டி நினைவிருக்கிறதா? வண்டியின் இரண்டு பக்கமும் ஈர மணல் மூட்டை கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு ஏறி இறங்கினீர்கள், ஒரே பகலில் ஆறு தடவை. நான் மலையடிவாரத்து டீக்கடை பெஞ்சில் டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவைக்கும் நேரம் எழுதினேன். டீக்கடைக்காரம்மா மூன்றாவது தடவை வரைக்கும் பொறுத்தாள்.

"ஏனக்கா, அவரு மேல எதையாச்சும் மறந்து வெச்சுட்டாருங்களா?"

"மறக்கல கண்ணு. காசிக்குப் போறாரு."

அவள் மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காசி இந்தப் பக்கமாங்க இருக்குது?"

ஒவ்வொரு தடவை இறங்கி வரும்போதும் கடைக்கு எதிரே வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னைத் தேடிப் பார்ப்பீர்கள். நான் விரலைக் காட்டுவேன், இத்தனையாவது தடவை என்று. தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவீர்கள். தாலி கட்டும்போதுகூட நீங்கள் என்னை அப்படித் தேடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு பரீட்சை என்று கன்னியாகுமரி வரை போய், தங்காமல் திரும்புகிறேன் என்று விடியக் கிளம்பினீர்கள். மறுநாள் பத்து மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டீர்கள், ஆனால் இறங்கவில்லை. கை இரண்டும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தன. விரல் மடங்கியது மடங்கியபடியே பிடித்துக்கொண்டுவிட்டது. வெந்நீரை ஊற்றி, நல்லெண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.  சாப்பிடும்போது நீங்களாகச் சொன்னீர்கள்.

"வரும்போது திண்டுக்கல்லுக்கு அப்பறம் கொஞ்ச தூரம் எப்படி வந்தேன்னே தெரியல. கண்ணு தொறந்துதா இருந்துச்சு. பாத்தா கரூரு வந்துருச்சு."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரியில் என்றால் கிளீனர் இருப்பான், தட்டி எழுப்புவான். இந்த வண்டியில் யார் இருப்பார்கள்? அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அதாவது பேசாமல் இருக்கப் பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. கடைசியில், "ஆத்தா கோயில்ல பூக் கேக்கலாமுங்க" என்றேன்.

உங்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம் ஊரிலோ கிணறு வெட்ட, மாடு வாங்க, எல்லாவற்றுக்கும் ஆத்தாளிடம் பூக் கேட்காமல் முடியாது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கும்பிட்டு எடுத்தது வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் ஆத்தாளுக்கு மனசில்லை. அப்படியும் ஒப்புக்கொண்டீர்கள்.

"சரி, கேளு. ஆத்தா வேண்டாம்னா போகல. போன்னு சொன்னா, நீ அழுவப்படாது. வாசல்ல நின்னு சிரிச்ச மொகமா அனுப்போணும். சம்மதமா?"

"சம்மதமுங்க."

பூப் பறித்துப் பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்பிள்ளையின் வேலை. குளித்துவிட்டு, வாயில் தண்ணீர்கூடப் படாமல், வாழை இலைக் கிழிசலில் முதல் பொட்டலத்துக்குச் செவ்வரளி வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். வெள்ளை அரளி தட்டில்தான் இருந்தது. கை அதற்குப் போகவில்லை. அதிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். வெள்ளைப் பூவைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குப்பையில் போட்டேன்.

உங்கள் உயிருக்குப் பயந்துதான் செய்தேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் அதுவே இல்லை. நீங்கள் போய்விட்டால், வந்தாலும் வராவிட்டாலும், அந்த ஐந்து மாதம் முடிந்துவிடும் என்றும் பயந்தேன். அப்படி ஒரு காலம் எனக்கு அதற்கு முன் இல்லை.

பூசாரி இரண்டையும் ஆத்தாளின் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, "போறவங்களே எடுக்கட்டுமுங்க" என்றார். நீங்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டீர்கள். நம்பாதவர் அப்படிக் கண்ணை மூடிக் கும்பிட்டதைப் பார்க்க முடியாமல் நான் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்துப் பிரித்தீர்கள். சிவப்பு. "அவ வேண்டாங்கறா சாமி" என்றார் பூசாரி. நீங்கள் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

பிரிக்காத பொட்டலத்தை ஓடுகிற தண்ணீரிலோ கிணற்றிலோ விடுவதுதான் வழக்கம். பூசாரி கை நீட்டுவதற்குள் நான் எடுத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போய்ப் போட்டேன். கல்லைப் போல முழுகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. அது மிதந்தது. நார் இளகி, இலை விரிந்து, செவ்வரளி ஒவ்வொன்றாகத் தண்ணீர் மேல் பரவிற்று. அதே நேரம் நீங்கள் கால் கழுவ வந்து எனக்குப் பக்கத்தில் நின்றீர்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தீர்கள். பூ எல்லாம் மேலேதான் கிடந்தது.

"தண்ணி நல்லாத்தா ஊறியிருக்குது. வா, போலாம்" என்றீர்கள்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மெத்தையை அவிழ்த்து என்னிடம் கொடுத்தீர்கள். கோபித்துத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் திட்டவில்லை. எப்போதும்போல நல்லபடியாகத்தான் நடத்தினீர்கள். ஆனால் கர்நூலுக்கு அப்புறம் என்ன ஊர் என்று நான் கேட்டபோது, "எதுக்கு இப்ப" என்றீர்கள். இரண்டு வாரத்தில் லாரியின் பாடி வேலை முடிந்தது. மறுபடி ஜவ்வரிசி, மறுபடி நாக்பூர். எதைப் பிடித்து வைக்க ஆத்தாளையே ஏமாற்றினேனோ, அதுதான் முதலில் போனது. நீங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தீர்கள். பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். மத்தியானம். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அன்னைக்குக் கோயில்ல..."

"தெரியும்."

"இல்லீங்க, நா என்ன சொல்ல வாரன்னா..."

"தெரியும்ங்கறேன். நா போறதுன்னு இருந்தா போயிருக்க மாட்டனா? அந்தச் சொளையக் குடு."

கொடுத்தேன். தின்றீர்கள். இந்த இரண்டு வருஷமாக அந்தப் பேச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். உங்களுக்கும் திண்டுக்கல்லுக்கு அப்புறம் பயம் வந்துவிட்டதா? இல்லை, நான் பயந்ததற்காக நின்றீர்களா? இல்லை, சாகப் போகும்போது எனக்குப் பாரம் வேண்டாம் என்று அப்படிச் சொல்லிவிட்டுப் போனீர்களா? நாள் ஒன்றுக்கு ஒன்று சரி என்று படுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. பூக் கேட்கிற உரிமையை நானே தொலைத்துவிட்டேன். இப்போது ஊரில் யார் வந்து பொட்டலம் கட்டித் தரச் சொன்னாலும் கை நடுங்குகிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

லாரி கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். அத்தனையும் முதலாளியின் லோடுக்காகச் சொன்னது. உங்களுக்கென்று நீங்கள் கேட்ட ஒரே ஒரு போக்குக்கு மட்டும் அதை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகப் பிரிவில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மோட்டார் சைக்கிள்கள் போகும், வரும். அதில் எப்போதாவது ஒன்று பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு, முகமெல்லாம் புழுதியோடு, வடக்கே போகும். யார் பெற்ற பிள்ளையோ, எங்கே போகிறதோ, எனக்குத் தெரியாது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் சிரித்த முகமாக நிற்கிறேன். "போயிட்டு வா சாமி" என்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள், "உங்களுக்கு வேண்டியவங்களாங்க?" என்று கேட்கிறார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன்.