இங்கே மழை, அங்கே காற்று

2024 ஜூன் 11, செவ்வாய்

இன்றும் பேஸ்மன்ட்டில் தண்ணீர். மோட்டரைப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடுகிறது, பிறகு முக்கி முனகி நின்றுவிடுகிறது. வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தக் கிடங்கு தோண்டியவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும். எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்தான் கேர்டேக்கர்.

முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுதானா தங்கச்சி ரதி போன் எடுக்க வேண்டும்? மலைநாட்டில், ஹல்துமுல்லையில் எங்கள் காணியை ஒட்டி பைனஸ் மரக்காடு இருக்கிறது. வருஷா வருஷம் எங்காவது பற்றும். இந்த முறை வன இலாகா ஆபீசர் வந்து, காட்டுப் பக்கம் முப்பதடி அகலத்துக்கு அவர்கள் சுத்தம் செய்வதாகச் சொன்னாராம். எங்கள் பக்கம் நாங்கள் செய்ய வேண்டும். புல், சருகு, புதர் ஒன்றும் இல்லாமல் வெறும் மண் தெரிய வேண்டும். பயர் பெல்ட் என்கிறார்கள். நெருப்பு வந்தால் அதைத் தாண்டாது. ஆனால் எல்லைக் கல்லைக் காட்டிக் கையெழுத்துப் போட காணிக்காரன் நேரில் வர வேண்டுமாம்.

"ஒரு நாள் வந்துட்டுப் போங்கண்ணே. நீங்க இருந்தாத்தான் அளப்பேங்குறாரு."

"மழை விடட்டும், வாறன்."

"இங்க ஏதுண்ணே மழை?" என்றாள். அதற்குள் மோட்டர் நின்றது. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

மழை. மெக்கானிக் வரவில்லை. செருப்பும் போயிற்று.

ஜூன் 23, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில், வீட்டில். கூரையில் மூன்று இடம் ஒழுகுகிறது. மனைவி பாக்கியம் சட்டி வைத்துக்கொண்டே, "ரதி நாலு தரம் எடுத்துட்டா. போயி அந்தக் கல்லக் காட்டிட்டு வந்தா என்னா?" என்றாள்.

சொல்வது லேசு. அந்தக் காணியில் நான் ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அப்பா தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற காசில் வாங்கினார். அவருக்குச் சிங்களம் எழுத வாசிக்கத் தெரியாது, காணிப் பதிவுக் கந்தோரில் ஏமாற்றிவிடுவார்கள் என்று என் பெயரில் எழுதினார். அவர் போன பிறகு ரதியும் அவள் மாப்பிள்ளை ஜீவராஜும் இருக்கிறார்கள். பதினாலு வருஷமாக மிளகு, போஞ்சி, இரண்டு மாடு. பாடுபடுவது அவர்கள், பெயர் எனக்கு. இதைச் சொன்னால் பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறது. உண்மையில் அந்தக் காணி உறுதிப் பத்திரம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

எங்கே போவது? கால் வலி. லீவும் இல்லை. இந்த மழையில் காடு பற்றும் என்றால் எவன் நம்புவான்?

ஜூலை 5, வெள்ளி

அபார்ட்மன்ட்டில் தீயணைப்புப் பயிற்சி. வருஷத்துக்கு ஒரு தரம் மணி அடித்து எல்லோரையும் படியால் இறக்க வேண்டும். ஆறாம் மாடி அன்ரி நைட்டியோடு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். மாடிக்கு இரண்டு சிவப்புச் சிலிண்டர், மொத்தம் பதினாறுக்கும் திகதி பார்த்துக் கையெழுத்து வைத்தேன். கமிட்டிச் செயலாளர் இஸ்ஸதீன் ஹாஜியாருக்குப் பரம திருப்தி.

வன ஆபீசர் திகதி கொடுத்திருக்கிறாராம். பதினைந்தாம் திகதி, காலை பத்து மணி. சரி, போய்த் தொலைகிறேன்.

ஜூலை 15, திங்கள்

போகவில்லை.

நேற்று லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. ஹாஜியார், "இப்ப நீங்க பெய்த்தா இத யாரு பாக்கிற புஷ்பராஜ்? அடுத்த கெழம பெய்ட்டு வாங்களே" என்றார். நான் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார். கெஞ்சவில்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

ரதி அழுகிற குரலில் பேசினாள். "அந்த மனுசன் ஒரு மணி நேரம் கல்லு மேல ஒக்காந்திருந்துட்டுப் போயிட்டாருண்ணே. இனி அடுத்த மாசம்தானாம்."

அடுத்த மாதம் பார்க்கலாம். ஒரு மாதத்தில் என்ன குடி முழுகிவிடும்?

ஜூலை 24, புதன்

மூன்று நாளாக விடாத மழை. மோட்டர் எரிந்தே போனது. ஐந்தாம் மாடிக்காரர் தன் காரை நானே முக்கியது மாதிரிக் கத்தினார். அந்த நேரம் ஜீவராஜ்.

அவன் சாதாரணமாக எனக்குப் போன் எடுக்க மாட்டான். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தான். மானாப்புல் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கிறதாம். அளக்காவிட்டாலும் நம் பக்கமாவது வெட்டிவிடலாம், ஆனால் ஆள் கிடைக்கவில்லை, அவன் தனியாக வெட்டினால் ஒரு மாதம் ஆகுமாம்.

"வெட்டுவானேன்? கொளுத்திவிடு. ஒரு தீக்குச்சி வேலை" என்றேன்.

"காத்து பெருசா இருக்கு மச்சான். பீடிக்குக்கூட நெருப்பு வைக்கப் பயமா இருக்கு."

"நாடு பூரா மழை. மிச்சத்த மழை அணைக்கும்."

"அங்க பெய்யிற மழைதான் மச்சான், மலையத் தாண்டி இங்க வெறுங்காத்தா வருது. ஒரு சொட்டு இல்ல."

எனக்கே பாடம் எடுக்கிறானே என்று எரிச்சல் வந்தது. "இந்தா, காணி என்ட பேர்ல இருக்கு. நான் சொல்றன், கொளுத்து. இனி இதுக்குப் போன் எடுக்காத" என்றேன்.

"சரிங்க மச்சான்" என்றான்.

ஜூலை 28, ஞாயிறு

ரதி போனை எடுக்கவில்லை. ஜீவராஜின் போன் வேலை செய்யவில்லை. ஐந்து தரம் முயன்றேன்.

ஜூலை 29, திங்கள்

ஐயோ.

வெள்ளிக்கிழமை விடியக் காலையில், காற்று குறைவாக இருக்கும் என்று பார்த்து ஜீவராஜ் நெருப்பு வைத்திருக்கிறான். இரண்டு பக்கமும் வாளியில் தண்ணீர், கையில் பச்சைக் கொப்பு. அவனால் முடிந்த கவனம். அரை மணி நேரம் ஒழுங்காக எரிந்ததாம். பிறகு காற்று திரும்பி, நெருப்பு பைனஸ் சருகில் விழுந்தது. அவ்வளவுதான். மலை பூராவும் இரண்டு நாள் எரிந்தது. ஆமிக்காரர், ஊர்ச் சனம் எல்லோரும் வந்துதான் நிறுத்தினார்கள். மிளகுத் தோட்டம் போச்சு. மாட்டுக் கொட்டில் போச்சு. மாடுகளை அவிழ்க்கப் போனவனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது.

இதையெல்லாம் ரதி ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியாக, "பொலிஸ் வந்துச்சு. நாந்தான் வச்சேன்னு சொல்லிட்டாரு" என்றாள்.

நான்தான் வைத்தேன் என்று. வேறு ஒன்றும் சொல்லவில்லையா? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

காலை பஸ்ஸில் போனேன். பலாங்கொடை வரை கண்ணாடியில் மழை அடித்தது. பெலிஹுல்ஓயா தாண்டியதும் ரோட்டில் தூசி பறந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். இறங்கியபோது காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதைப் பார்க்க வந்திருக்கிறேன். தூ!

வீடு நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. மலையடி வரை கருப்பு. இன்னும் சில மரத்தில் புகை. ரதி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜீவராஜின் கைகள் தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டுக் கிடந்தன. கட்டில் ஓரத்தில் ஒரு பொலிஸ்காரர். நான் குனிந்ததும் அவன் மெதுவாக, "ஒங்க பேரு வராது மச்சான். ஒங்களுக்கு உத்தியோகம் இருக்கு. எனக்கு என்னா, மம்பட்டிதானே" என்றான்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, பஸ்ஸில் ஏறிய பிறகு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பாக்கியம் சோறு போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாள். நான் அன்று போனில் கத்தியது அவளுக்குத் தெரியும். நானேதான் வீட்டுக்கு வந்து வீரமாகச் சொன்னேன்.

இன்று வாசலில் நின்று, "பொலிசுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

"என்னத்தவா!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தூக்கம் சரியில்லை. போனில் ரதியிடம், நான் சொன்னால் மாப்பிள்ளை ஏன் கேட்க வேண்டும், அவனுக்குத்தான் காற்றைப் பற்றி எல்லாம் தெரியுமே என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"ஏன் கேட்டாரா? நாளைக்கே நீங்க கெளம்புங்கன்னா நாங்க எங்கண்ணே போறது? பதினாலு வருசமா ஒரு பலா மரத்தக்கூட ஒங்களக் கேக்காம வெட்டல அவரு. கவனிச்சீங்களா?"

இல்லை. கவனிக்கவில்லை. அவன் சரிங்க, சரிங்க என்கிறபோதெல்லாம் நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். பயந்திருக்கிறான். என்னைப் பார்த்து! மோட்டர் மெக்கானிக்கே என்னை மதிப்பதில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தீயணைப்புச் சிலிண்டர் பதிவுப் புத்தகத்தைக் கையெழுத்துக்காக ஹாஜியார் நீட்டினார். "நீங்களே வைங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பில் முதன்முதலில் வெளியாள் ஒருத்தரிடம் சொன்னது அவரிடம்தான். கேட்டு முடித்ததும் தாடியைத் தடவிக்கொண்டே, "லீவு எத்தின நாள் வேணும்?" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பொலிசில் வாக்குமூலம் கொடுத்தேன். வயதான சார்ஜன்ட். சிங்களத்தில் நான் சொல்லச் சொல்லப் பெரிய கொப்பியில் எழுதினார்.

கொளுத்தச் சொன்னது நீங்களா? ஆமாம். அவர் வேண்டாம் என்றாரா? ஆமாம், காற்று பெரிது என்றார். பிறகும் ஏன் சொன்னீர்கள்?

அங்கே மழை பெய்தது என்றேன்.

"எங்கே?"

"வெள்ளவத்தையில்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. எழுதி முடித்து எனக்கே வாசித்துக் காட்டினார்: கொழும்பில் மழை பெய்தபடியால் இங்கேயும் மழை இருக்கும் என்று எண்ணி, நேரில் வந்து பார்க்காமல், என் காணியில் குடியிருப்பவரை நெருப்பு வைக்கச் சொன்னேன். எவ்வளவு மடத்தனம்! அதற்குக் கீழே என் முழுப் பெயரில் கையெழுத்து.

வெளியே பிணையில் வந்திருந்த ஜீவராஜ் நின்றான். கோபம் அவனுக்கு. "என்னாத்துக்கு மச்சான்? ரெண்டு பேரும் கோட்டுக்கு அலையணுமா?"

"அலைவம்" என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

அங்கே மழை பிடித்துவிட்டதாம். ரதி போனை முற்றத்தில் நீட்டிச் சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

வழக்கு முடிந்தது. இரண்டு பேருக்கும் தண்டம், எரிந்த சரிவில் வன இலாகா காட்டுகிற இடத்தில் கன்று நட வேண்டும். நீதவான் என்னிடம், கொழும்பில் இருந்துகொண்டு காணி பார்க்காதீர்கள் என்றார். தலையாட்டினேன்.

ஜீவராஜின் வலது கையில் மூன்று விரல் மடங்கியபடியே நிற்கிறது. இனி நிமிராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. கோட்டில் தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியாமல் ரதியிடம் நீட்டியபோதுதான் பார்த்தேன்.

2025 ஜனவரி 22, புதன்

சேலைக்கு அடியில் கிடந்த உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனோம். காணி இப்போது ரதி, ஜீவராஜ் இருவர் பெயரிலும். பாக்கியத்துக்கு மனசுக்குள் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம், எங்களுக்கும் வேறு சொத்து இல்லை. ஆனால் சாட்சிக்கு அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். விரல் விஷயத்துக்கு இது ஈடாகாது. தெரியும்.

மே 27, செவ்வாய்

வன ஆபீசரின் கடிதம் ஜீவராஜின் பெயருக்கு வந்திருக்கிறது. அவனே போய்க் கல்லைக் காட்டிக் கையெழுத்து வைத்துவிட்டானாம், இடது கையால். பயர் பெல்ட் வெட்ட ஆள் குறைகிறது என்று ரதி சொன்னாள். நான் வருகிறேன் என்றேன். நம்பாத மாதிரி, "வருவீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஜூன் 12, வியாழன்

ஹல்துமுல்லை. நான்காம் நாள். கொழும்பில் மழையாம், பேஸ்மன்ட்டில் தண்ணீராம். ஹாஜியார் போனில் புலம்பினார். மன்னிப்புக் கேட்டேன், திரும்பிப் போகவில்லை.

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். இடுப்பு விட்டுப்போய்விட்டது. கூலிக்கு வந்த இரண்டு பேர் எனக்கு முன்னால் எங்கோ போய்விட்டார்கள். கத்தி பிடிக்க முடியாத ஜீவராஜ் எல்லை நெடுக நடந்து வேலையைப் பார்க்கிறான். காட்டுப் பக்கம் அவர்கள் வெட்டி முடித்துவிட்டார்கள்.

மத்தியானம் நான் வெட்டிய துண்டுக்கு வந்து நின்றான். காலால் புல்லின் அடியைத் தட்டிப் பார்த்தான். திடீரென்று, "என்னா மச்சான் வேல இது! சும்மா தலய சீவிவிட்டாப்புல! வேரு அப்படியே நிக்கிது. மண்ணு தெரியணும்னு எத்தன தரம் சொல்றது?" என்று சத்தம் போட்டான்.

கூலிக்காரர் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ரதி வாயில் கையை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

மம்பட்டியை எடுத்துக்கொண்டு தொடங்கின இடத்துக்கே போனேன். இருட்டுவதற்குள் பாதிதான் கொத்த முடிந்தது, மிச்சம் நாளைக்கு.